ஆலை மூடியது: எழுவாய் எங்கே?

‘கம்பெனி மூடிடுச்சு.’

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை, ஷூ வேலை செய்கிற சனங்களோடு பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. இலக்கணப்படி பிரித்தால் கம்பெனி எழுவாய், மூடிடுச்சு பயனிலை. பூ வாடிடுச்சு, மழை நின்னுடுச்சு, கம்பெனி மூடிடுச்சு. யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாக நடந்துவிட்டது. டீக்கடையில் இப்படிப் பேசுகிறவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாய்க்கு வந்த சுருக்கு வழியில் பேசுகிறார். கதை எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்களும் இதே வாக்கியத்தைத்தான் நீட்டி நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

மாணவர்கள் சிலர் நடத்தும் ஒரு வாசகர் வட்டத்தில் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) படம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வட ஆற்காட்டுச் சேரி சனம் வெள்ளைக்காரனோடு தங்கம் தேடிப் போகிற கதை. நிலம், சாதி, தங்கம், புத்தர் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்திய துணிச்சலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: ‘தங்கம் எடுக்கப் போன கதை புரிஞ்சிடுச்சு. எடுத்து முடிச்சதுக்கு அப்பறம் அந்த சனங்க இன்னா ஆனாங்க?’ எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்கிற ஒரு நாவலை எடுத்து அவர் கையில் கொடுக்க என்னிடம் இல்லை. தொடங்கிய கதைக்கு நம்மிடம் இத்தனை பெரிய படம் இருக்கிறது. மூடிய கதைக்கு என்ன இருக்கிறது?

கோலார் தங்க வயலின் மூடல் கதை வெறும் நாற்பது வரிச் செய்தியாக நம் நாளேடுகளில் கடந்து போனது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்கிற ஆங்கிலேயக் கம்பெனி வந்து இறங்கியது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துத் தீண்டப்படாத சனங்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். தோண்டியவர்கள் தட்டி வீட்டில்தான் குடியிருந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை ‘ஏர்பிளாஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார்கள், ஏதோ காற்று செய்த வேலை போல. அங்கேயும் எழுவாயைக் கவனியுங்கள். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசு. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் ஆனது. 1992இல் நலிந்த ஆலை என்று பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்துக்குப் போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். அன்றைக்கு வேலை இழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

இந்த ஊரை இந்தியா முழுக்கத் தெரிய வைத்தது ‘கே.ஜி.எஃப்’ என்ற கன்னடப் படம் (2018, 2022). கற்பனைக் கதை என்று அதுவே சொல்லிக்கொள்கிறது, ஆகவே வரலாற்றுப் பிழை பொறுக்குவது என் வேலை அல்ல. கற்பனை எதைக் கற்பனை செய்ய மறுக்கிறது என்பதுதான் விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் படத்தில் சுரங்கத்து சனம் ஓர் அடிமைக் கூட்டம். முகம் பூராவும் கரி. வாயில் சொல் இல்லை. சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை, படிப்பு இல்லை. வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து விடுவிக்கிறவரைக்கும் காத்திருக்கிறார்கள்.

உண்மையான கோலார் சனம் காத்திருந்த சனம் அல்ல. அயோத்திதாசர் 1907 தொடங்கி 1914இல் சாகும்வரை சென்னையிலிருந்து நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் கோலாரிலிருந்து மறுபடி உயிர்ப்பித்தவர் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசர் எழுத்துக்களைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளை நாம் இன்று பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து மேற்கோள் காட்டுகிறோமே, அந்தப் பக்கங்கள் அழியாமல் நம் கைக்கு வந்ததில் பாதாளத்தில் இறங்கி ஏறிய கூலிக்காரர்களின் காசும் சேர்ந்திருக்கிறது. தங்கள் கைரேகையைக் குற்றவாளிக்கு எடுப்பதுபோல் எடுத்துப் பதிவு செய்யப் பார்த்த கம்பெனியை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். (இதை எழுதும்போது எங்கம்மா ரேஷன் கடையில் விரலை வைத்து வைத்து எடுக்கிற காட்சி கண்ணுக்குள் வருகிறது. ஷூ ஒட்டும் பசையிலும் தையலிலும் தேய்ந்துபோன விரல். மிஷின் ரேகையே இல்லை என்கிறது.) பேசத் தெரிந்த, அச்சடிக்கத் தெரிந்த, மறுக்கத் தெரிந்த ஒரு சனத்தை வாயில்லாக் கூட்டமாகக் காட்டினால்தான் வீரனுக்கு வேலை இருக்கும்.

இன்னொரு வகை எழுத்து இதற்கு நேர் எதிர்போலத் தெரியும், அடியில் ஒன்றுதான். அது ஏக்க எழுத்து. ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைக்கப்பட்ட ஊர், கிளப், கோல்ஃப் மைதானம், பங்களா, கிறிஸ்துமஸ் நடனம், இப்போது எல்லாம் பாழடைந்து கிடக்கிறது, ஐயோ. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களுக்கு இது வற்றாத ஊற்று. நான் கேட்பது சின்னக் கேள்வி. அந்தக் கிளப்புக்குள் யார் போனார்கள்? பங்களாவின் பின்கதவில் நின்றவர்களுக்கு எந்தப் பொற்காலம் பறிபோனது? கம்பெனி மூடியதற்காக அழுவது வேறு, துரை போனதற்காக அழுவது வேறு. ஏக்க எழுத்து இரண்டையும் ஒரே கண்ணீரில் கலக்கிவிடுகிறது.

இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து சொல்வது: தங்கம் தீர்ந்துபோச்சு, அதனால் சுரங்கம் மூடிடுச்சு. தீர்ந்தது தங்கமா, கணக்கா? மூடிய 2001இல் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 270 டாலர் அளவில் கிடந்தது. எடுக்கிற செலவு விற்கிற விலையைவிடப் பல மடங்கு என்றார்கள். பத்து வருடம் கழித்து, 2011இல், அதே அவுன்ஸ் 1,800 டாலரைத் தாண்டியது. மலைபோல் குவிந்திருக்கும் சயனைடு மேட்டு மண்ணிலேயே மிச்சத் தங்கம் இருக்கிறது என்று அதை எடுக்கும் திட்டங்கள் பேசப்பட்டன. திறந்து வைத்திருந்தால் லாபம் வந்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. சுரங்கக் கணக்கு அத்தனை சுளுவு அல்ல. தரம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு ஏறியது, விலை விழுந்தது, புதிதாக முதல் போடவில்லை. இத்தனை வினைகளுக்கும் இத்தனை எழுவாய்கள் உண்டு. அத்தனையையும் அழித்துவிட்டு இயற்கையின் தலையில் பழியைப் போடுகிற வாக்கியத்தைத்தான் மறுக்கிறேன்.

அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்ற மாணவியின் கேள்விக்கு வருகிறேன். என் தாத்தா வழி உறவில் அங்கே கட்டிக்கொடுத்த பெரியம்மா ஒருவர் உண்டு. அவரிடம் ஒருமுறை, ‘ஊருக்கே திரும்பி வந்திருக்கலாமே பெரிம்மா’ என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ‘எந்த ஊருக்கு? உங்க தாத்தன ஆண்டே வந்துக்கினு இருக்கேன் சாமின்னு கும்பிட வெச்ச ஊருக்கா?’ என்றார். நூறு வருடத்துக்கு முன்னால் விட்டு வந்த சேரிக்குத் திரும்புவதைவிட, மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், எந்த வேலையானாலும் பார்த்துவிட்டு ராத்திரி வந்து படுப்பது மேல் என்று ஆயிரக்கணக்கில் முடிவெடுத்தார்கள். வாட்ச்மேன், கட்டட வேலை, கடை, கார்மெண்ட்ஸ், பிள்ளைகள் படித்திருந்தால் ஆபீஸ். அந்த ரயில் பெட்டியில் நடக்கிற பேச்சுக்குள் ஒரு நாவல் இருக்கிறது. போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

வேலை போனால் திரும்பிப் போக எது இருக்கிறது என்பது சாதியால் தீர்மானிக்கப்படுகிற கேள்வி. இதைப் பார்க்கத் தவறியதால் நம் தொழிற்சங்க வரலாறு எங்கே சறுக்கியது என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் கிடக்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது பெரம்பூர் பின்னி ஆலைகளை வைத்து. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. ‘கருங்காலி’ என்ற ஒற்றைச் சொல்லில் அந்த அத்தியாயத்தை முடித்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. நிர்வாகமும் அரசும் பிளவை மூட்டி வளர்த்தன என்பது உண்மைதான். ஆனால் ஆறு மாதம் பட்டினி கிடக்க யாரால் முடியும், யாருடைய வீட்டில் நெல் குதிர் இருந்தது, யாருக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தது என்று கேட்காமல் ‘துரோகம்’ என்று எழுதுவது சுலபம். அதே ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. மூடும்போது எல்லோரும் ஒரே தெருவில் நின்றார்கள். அந்தத் தெருவிலிருந்து திரும்பிப் போன வீடுகள் ஒன்றல்ல.

முற்போக்கு நாவல்களை விட்டுவிட்டுப் பேசினால் அது நேர்மை ஆகாது. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளர்களின் தறி நின்ற கதை. தமிழில் வேலை நிற்பதையே மையமாக வைத்து எழுதிய முன்னோடி அது. அதன் பசி உண்மையான பசி. ஆனால் அந்தப் பசிக்குச் சொந்தமான சமூகம் தறியை இழந்தாலும் தெருவை இழக்கவில்லை. டி. செல்வராஜின் ‘தோல்’ (2010, சாகித்திய அகாதெமி 2012) திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கிப் பார்த்த நாவல். நாற்றம் பிடித்த வேலை என்று ஊர் ஒதுக்கிய வேலையை இலக்கியத்தின் நடுவீட்டில் வைத்தது. அது சங்கம் எழும் காலத்தின் நாவல். எழுச்சிக்குக் கொடி இருக்கிறது, கோஷம் இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது. ஷாப்பு மூடிய மறுநாள் காலையில் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு நம் முற்போக்கு நாவல் மொழி கண்டுபிடிக்கவில்லை. குறை செல்வராஜுடையது அல்ல. அவருக்குப் பின்னால் வந்த நம்முடையது.

*

இப்போது நான் வாசிக்க எடுத்துக்கொள்ளும் பிரதி ஒரே ஒரு பக்கம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றின் கேட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பு. கம்பெனி பெயர் வேண்டாம். 2017ஆம் வருடம் பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன பெண்கள் பூட்டிய கேட்டில் அதைப் பார்த்தார்கள். அதில் எங்கம்மாவும் ஒருவர். படிக்கத் தெரிந்த ஒரு பெண் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். ‘நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட தவிர்க்க முடியாத சூழ்நிலையால் ஆலை மூடப்படுகிறது.’ செயப்பாட்டு வினை. மூடுகிறவர் வாக்கியத்திலேயே இல்லை. சூழ்நிலைதான் இருக்கிறது.

இலக்கணம் படித்த நான் இதை வெறும் நடை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களுக்கு உதவிய தொழிற்சங்க வக்கீல்தான் கண்ணைத் திறந்தார். அப்போது நடப்பிலிருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டப்படி, ஆலையை மூடினால் வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடு. ஆனால் முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடியது என்று நிரூபித்துவிட்டால், மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. எங்கம்மா உள்ளே போனது 1998. பத்தொன்பது வருடம். முதல் கணக்கில் 285 நாள் சம்பளம், இரண்டாவது கணக்கில் மூன்று மாதம். அந்த அறிவிப்பின் செயப்பாட்டு வினைக்கு இதுதான் விலை.

சட்டம் இன்னொன்றும் சொன்னது. வெறும் நஷ்டத்தையோ, சரக்கு தேங்கிக் கிடப்பதையோ தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று சொல்லக் கூடாது. அதோடு, சுரங்கமாக இருந்தால், பூமிக்கடியில் கனிமம் தீர்ந்துபோனதையும் அப்படிச் சொல்லக் கூடாது. அந்த வரியைப் படித்த அன்று எனக்குக் கோலார்தான் ஞாபகம் வந்தது. தங்கம் தீர்ந்ததுகூட முதலாளிக்குச் சாக்கு ஆகாது என்று ஒரு வறட்டுச் சட்டப்பிரிவு தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, இலக்கியவாதி மட்டும் ‘காலம் விழுங்கிய ஊர்’ என்று எழுதுகிறார். அறிவிப்பு ஒட்டிய மேனேஜரும் காலத்தைப் பழிக்கிற கவிஞரும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுதுகிறார்கள். ஒருவர் தெரிந்து எழுதுகிறார், இன்னொருவர் தெரியாமல்.

பதிவேடும் ஒரு பிரதிதான், சொல்லப்போனால் நல்ல புனைவு. அந்தக் கம்பெனியில் அன்றாடம் உட்கார்ந்து தைத்தவர்கள் 180 பேருக்குக் குறையாது. பதிவேட்டில் தொண்ணூற்றுச் சொச்சம். மற்றவர்கள் காண்ட்ராக்டர் பெயரில். நூறு பேருக்குக் குறைந்தால் மூடுவதற்கு அரசின் அனுமதி தேவையில்லை என்பதுதான் இந்தப் புனைவின் கரு. 1976இல் இந்த அனுமதி விதி வந்தபோது எல்லை 300 பேர், 1982 திருத்தம் அதை 100 ஆக்கியது, 2020 சட்டத் தொகுப்பு மறுபடி 300க்கே கொண்டுபோனது. இனிமேல் புனைவுக்குக்கூட அவசியம் இல்லை. எங்கம்மாவை 2009இல் காண்ட்ராக்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். அவருக்கே தெரியாது. அதே மிஷின், அதே ஸ்டூல், அதே சூப்பர்வைசர். ஏட்டில் மட்டும் பதினோரு வருட உழைப்பு காணாமல் போயிருந்தது.

நாற்பத்தோரு நாள் கேட்டில் உட்கார்ந்தார்கள். எதற்கு என்று கேட்டால், கோஷம் போட அல்ல. உள்ளேயிருக்கும் மிஷினை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் சம்பளப் பாக்கிக்கு யாரிடம் கேட்பது? மிஷின்தான் அடமானம். அந்த நாற்பத்தோரு நாளில் அந்தப் பெண்கள் செய்த ஏற்பாடுகளை நம்மவர்கள் ‘சமாளிப்பு’ என்ற ஒரு சொல்லில் அடைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து மன அழுத்தம் குறைக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். எங்கம்மா, ‘அதாம்மா, மூச்சு உட்டுக்கினேதான் கீறோம்’ என்றார்.

வாரக் கடன் வசூல்காரர் விஷயம்தான் என்னை அசத்தியது. குழுக் கடன் வாங்காத வீடு கிடையாது. தவணை நின்றால் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். பெண்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: யாரும் வீட்டில் வைத்துப் பேசக் கூடாது, வசூல்காரர் கேட்டுக்கு வரட்டும். முதல் வாரம் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். எதிரே நூற்றைம்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனித்தனியாக ஆளைக் காட்டு என்றார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் தள்ளி வாங்குவதாகச் சொல்லிப் போனார்கள். கடன் தள்ளுபடி ஆகவில்லை, வட்டியும் சேர்ந்துதான் கட்டினார்கள். அவமானம் மட்டும் தனியாளாய் அனுபவிக்கிற அவமானமாக இல்லாமல் போனது.

சோறு விஷயம் அத்தனை அழகாக இல்லை. பொதுவில் உலை வைத்தார்கள். காலனிப் பெண்கள் ஆக்கினார்கள். முஸ்லிம் பெண்கள் முதல் நாளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர்த்தெருப் பெண்களில் பலர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். ‘வயிறு சரியில்ல’ என்றார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் டிபன் பாக்ஸில் போட ஒன்றும் இல்லாமல் போனபோது சிலர் தட்டை நீட்டினார்கள். சிலர் கடைசிவரைக்கும் நீட்டவில்லை, பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள், கேட்டை விட்டும் போகவில்லை. வர்க்க ஒற்றுமை பற்றி எழுதுகிற தோழர்கள் இந்தக் கடைசி வரியை முழுசாக எழுத வேண்டும். சாதியை விடாமலே போராட்டத்திலும் நிற்க முடிகிற அந்த மனசை நம் கதைகள் இன்னும் தொடவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. கம்பெனி மூடிய செய்தி ஊருக்குள் பரவி பத்து நாள்கூட ஆகவில்லை. ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. ‘இனிமே சும்மாதான கீற, மாட்டுக் கொட்டாய் கூட்டறதுக்கு வரச் சொன்னாங்க.’ எங்கம்மாவின் அம்மா, அதாவது எங்க ஆயா, அந்தக் கொட்டாயைத்தான் கூட்டினார். எங்கம்மா கம்பெனிக்குப் போன முதல் நாளோடு அது நின்றது. பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். கம்பெனி ஒரு சொர்க்கம் இல்லை. கக்கூஸுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டிய இடம் அது. ஆனால் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது, அதில் பெயர் இருந்தது, சாதிப் பெயர் இல்லை. பஸ்ஸில் ‘கம்பெனிக்காரம்மா’ என்றார்கள். தலித் பெண்ணுக்கு வேலை போவது என்றால் சம்பளம் போவது மட்டுமல்ல, அந்த அட்டை போவது, கொட்டாயிலிருந்து மறுபடி ஆள் வருவது. எங்கம்மா வந்த ஆளிடம் சொன்னது இது: ‘கம்பெனியத்தான் மூடிட்டானுங்க. என்ன யாரும் மூடல. போயி சொல்லு.’

மூடிட்டானுங்க. எழுவாய் தோன்றாவிட்டாலும் பயனிலையிலேயே இருக்கிறது, ‘அவனுங்க’. தன் வாக்கியத்தில் செய்தவனை விடாமல் பிடித்து வைத்திருக்கிற ஓர் ஐந்தாங்கிளாஸ் படித்த பெண்ணின் இலக்கணம், எம்.ஏ. படித்த நான் எழுதிய முதல் துண்டறிக்கையில் இல்லை. ‘ஆலை மூடலால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள்’ என்றுதான் நான் எழுதியிருந்தேன். மூடல் என்று ஒரு பெயர்ச்சொல், பாதிக்கப்பட்ட என்று ஒரு பெயரெச்சம். அந்தத் துண்டறிக்கையை இன்று எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பி.எஃப். பணமும், சண்டை போட்டுக் கொஞ்சம் கிராஜுவிட்டியும் வந்தன. நஷ்ட ஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. அம்மா இப்போது வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்தோல் தைக்கிறார், ஜோடிக்கு இத்தனை என்று. வெட்டிய தோலை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தைத்ததை எடுத்துப் போகிறார்கள். கம்பெனி கேட்டை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கரண்ட்டு எங்களது, வெளிச்சம் எங்களது, முதுகு வலியும் எங்களது. இந்த வேலையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

கேட்டில் உட்கார்ந்த நாட்களில் அந்தப் பெண்கள் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு நாளும் யார் வந்தார்கள், யார் வரவில்லை, உலைக்கு யார் அரிசி கொடுத்தார்கள். போராட்டம் முடிந்த பிறகும் ஒரு பெண் அதை விடாமல் எழுதினார். பெயருக்கு எதிரே ஒரு வரி. ‘பெங்ளூர் கார்மென்ஸ்.’ ‘நூறு நாள் வேலை.’ ‘வீட்ல தையல்.’ ‘பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு.’ ‘செத்துடுச்சு, ஆடி 18.’ ‘தெரில.’ எழுத்துப் பிழையோடு நூற்று நாற்பத்தேழு வரி. இரங்கல் இல்லை, வருணனை இல்லை, ஒப்பாரி இல்லை. ஆலை மூடல் பற்றி நான் படித்ததில் இதற்கு இணையாக ஒன்றைக் காணவில்லை. இதை அப்படியே, ஒரு எழுத்தும் திருத்தாமல், இந்த இதழில் போடலாம் என்று கேட்டேன்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். சரி என்றார்கள். ஆனால் நோட்டை என் கையில் கொடுக்கிறதுக்கு முன்னால் எங்கம்மா பேனாவை வாங்கி இரண்டு பெயரைக் கறுப்பாக அடித்தார். அந்த இரண்டு பேரும் வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார்களாம். அங்கே கேட்டில் உட்கார்ந்த ஆள் என்று தெரிந்தால் மறுநாள் நிறுத்திவிடுவார்கள். அடித்துவிட்டு, தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பெயர் தெரிகிறதா என்று பார்த்தார். லேசாகத் தெரிந்தது. மறுபடி அடித்தார்.